தடுப்பூசிக்கு முன் குடற்புழு நீக்கம்: ராமநாதபுரம் கடலோரத்தில் ஆடு, கோழி வளர்ப்போருக்கு முழு வழிகாட்டி

ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்ட மந்தையிலேயே அந்த நோயில் ஆடு செத்தால், "ஊசி சரியில்லை" என்ற பேச்சு அடுத்த முகாம் வரை ஓயாது. தொண்டி முதல் சாயல்குடி வரை இந்தப் பேச்சைக் கேட்காத ஊர் குறைவு. ஊசி மருந்து வெயிலில் கெட்டுப்போயிருக்கலாம், அதுவும் நடக்கிறது. ஆனால் பலரும் பார்க்காமல் விடும் காரணம் ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. புழு நிறைந்த ஆட்டுக்கு நல்ல ஊசியைப் போட்டாலும் எதிர்ப்பு சக்தி அரைகுறையாகத்தான் வரும்.

ஐந்தாறு வெள்ளாடு வைத்திருப்பவர்களுக்கும், கிடை போடும் கீதாரிகளுக்கும், கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எந்த வேலையை எந்த நாளில் செய்வது என்பது நம் கையில் இருக்கிறது, பெரும்பாலும் பிழை நடப்பதும் அங்கேதான்.

1. புழு ஊசியின் பலனை எப்படிக் குறைக்கிறது

தடுப்பூசி தானாக நோயைத் தடுப்பதில்லை. நோய்க்கிருமியின் அடையாளத்தை உடம்புக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். எதிர்ப்புப் பொருளை உடம்புதான் உண்டாக்க வேண்டும். அந்த வேலையைப் புழு மூன்று வழிகளில் கெடுக்கிறது.

முதலாவது, இரத்தம். ஆட்டின் நான்காம் வயிற்றில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழுதான் நம் பக்கத்தில் முக்கிய எதிரி. ஒரு புழு நாளுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தத்தை இழக்க வைக்கும். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த இரத்தமே 1.3 லிட்டர் அளவுதான். எதிர்ப்புப் பொருள் என்பது புரதம். புரதத்தைத் தினமும் இழந்துகொண்டிருக்கும் உடம்பு எதை வைத்து அதைச் செய்யும்?

இரண்டாவது, திசை திருப்பல். புழு மாதக்கணக்கில் உள்ளே தங்க வேண்டும் என்பதால், உடம்பின் எதிர்ப்பை மட்டுப்படுத்தும் பொருள்களைச் சுரக்கிறது. உடம்பும் புழுவை எதிர்க்கும் வகை எதிர்ப்பிலேயே முனைப்பாக இருக்கும். வைரசுக்கும் பாக்டீரியாவுக்கும் எதிரான வகை பின்தங்கிவிடும். உருளைப்புழு இருக்கும் கோழிகளுக்கு ராணிக்கெட் என்ற கோழிக் கழிச்சல் நோய்க்கான ஊசி போட்டபோது எதிர்ப்புப் பொருள் குறைவாக உருவானதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். பன்றிகளில் வேறொரு ஊசியிலும் இதே போலக் கண்டிருக்கிறார்கள். எல்லா ஊசியிலும் எல்லாப் புழுவிலும் ஒரே அளவு பாதிப்பு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இரத்தத்திலேயே வாழும் ஒட்டுண்ணிகள். கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிப்பனோசோமா இந்த வகை. இது நேரடியாக எதிர்ப்பு சக்தியை நசுக்கும். மாட்டுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால் குடற்புழு மருந்து கொடுத்துக் காத்திருக்காதீர்கள், இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். குடற்புழு மருந்து இதைத் தொடாது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு தையல் டேப், ஊசி இல்லாத 10 மில்லி அல்லது 20 மில்லி சிரிஞ்சு, சின்ன பாலிதீன் பைகள், ஆட்டைக் குறிக்கச் சாயம் அல்லது காதுத்தோடு. அப்புறம் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தின் வேலை நேரமும், நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962 எண்ணும்.

நோட்டு எதற்கு என்று கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் எந்த மருந்து கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால் "வெள்ளையா இருந்துச்சு" என்றுதான் பெரும்பாலானோர் சொல்கிறார்கள். குடற்புழு மருந்துகளில் பல வெள்ளையாகத்தான் இருக்கும். பாட்டில் பெயர் தெரியாவிட்டால் இந்த முறை எந்த வகைக்கு மாற்றுவது என்று அவரால் முடிவெடுக்க முடியாது.

3. ஊசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

புழு மருந்துக்கும் தடுப்பூசிக்கும் இடையே இரண்டிலிருந்து மூன்று வாரம் வேண்டும். மருந்து உள்ளே போய் ஓரிரு நாளில் புழு செத்துவிடும், ஆனால் ஆடு அன்றே தேறிவிடாது. இழந்த இரத்தமும் புரதமும் திரும்பி, எதிர்ப்பு சக்தி பழைய நிலைக்கு வர இரண்டு வாரமாவது பிடிக்கும். அதனால் முதல் நாள் மருந்து, மறுநாள் ஊசி என்பது ஊசியின் முழுப் பலனைத் தராது.

சரி, அப்படியானால் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட்டால் என்ன? அதுவும் பயன்படாது. ஆடு மறுபடி அதே மேய்ச்சலில் புழுக்குஞ்சுகளை விழுங்கும். ஹீமாங்கஸ் உள்ளே போய் வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய மூன்று வாரம் போதும். மழைக்காலத்தில் ஒரு மாதம் தாண்டினால் ஆடு பழைய நிலைக்கே போயிருக்கும். இரண்டு வாரத்துக்குக் குறையாமல், மூன்று வாரத்தை அதிகம் தாண்டாமல் என்பதன் காரணம் இதுதான்.

ஒரு கணக்கு: பிப்ரவரி 20 ஊசி என்று தெரிந்தால், ஜனவரி 20 வாக்கில் புழுக்கை பரிசோதனை. ஜனவரி 30 மருந்து. பிப்ரவரி 10 முதல் 13-க்குள் மறு பரிசோதனை. இடையில் வரும் வாரங்களில் தீவனம்.

முகாம் தேதி முன்கூட்டித் தெரியாது என்பார்கள். மருந்தகத்தில் மாதம் ஒருமுறை கேட்டால் உத்தேசமாகவாவது சொல்வார்கள். ஆட்டைத் திடீரெனச் சாகடிக்கும் குடல்நச்சு நோயான துள்ளுமாரிக்கான ஊசி மழைக்கு முன்பு போட வேண்டியது, அதை நீங்களே திட்டமிடலாம். முதல் முறை போடும் ஆட்டுக்கு அது இரண்டு தவணை, இரண்டு மூன்று வார இடைவெளியில் போடப்படும். புழு மருந்து முதல் தவணைக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

நம் கடலோரத்துக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். புழுவின் ஆட்டம் அப்போது தொடங்கித் தை வரை நீளும். பங்குனிக்கு மேல் தரவையும் மணலும் கொதிக்கிற வெயிலில் புழுக்குஞ்சுகள் காய்ந்து சாகும். ஆகவே புரட்டாசியில் மழைக்கு முன் ஒரு முறை, மழை விட்ட பின் ஒரு முறை என்று புழு மருந்தை வைத்துக்கொண்டு, அவற்றின் பின்னாலேயே ஊசிகளை அமைத்தால் இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்திவரும்.

4. எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்று பாருங்கள்

மந்தை முழுவதுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க வேண்டியதில்லை. தேவையில்லாத ஆட்டுக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தால், மருந்துக்கு அசையாத புழுக்கள்தான் மிஞ்சிப் பெருகும்.

கண் இமை: பகல் வெளிச்சத்தில் ஆட்டின் கீழ் இமையைக் கட்டைவிரலால் மெதுவாக இழுத்து உட்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பு என்றால் இரத்தம் போதுமானதாக இருக்கிறது. வெளிறிய இளஞ்சிவப்பு என்றால் சந்தேகம். வெள்ளைத்தாள் போலிருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் பார்க்காதீர்கள், நிறம் ஏமாற்றும். தூசி விழுந்து சிவந்த கண்ணும் ஏமாற்றும் என்பதால் இரண்டு கண்ணையும் பாருங்கள்.

தாடை: தாடைக்கு அடியில் நீர் கோத்து மெத்தென்று தொங்குகிறதா என்று தடவிப் பாருங்கள். இதைச் சாயங்காலம் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தலையைக் குனிந்து மேய்ந்து வந்த பிறகு வீக்கம் நன்றாகத் தெரியும். இரவு தலை நிமிர்ந்து படுத்திருந்த ஆட்டில் காலையில் வற்றியிருக்கும். காலையில் மட்டும் பார்த்து "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று விட்டவர்கள் பலர்.

புழுக்கை: தரையில் கிடப்பதைப் பொறுக்காதீர்கள். அது எந்த ஆட்டுடையது, எப்போது போட்டது என்று தெரியாது. நேரம் ஆக ஆக முட்டை பொரிந்துவிடும், அதற்குப் பிறகு எண்ணிக்கை தப்பாக வரும். ஆசனவாயிலிருந்தே விரலால் எடுத்து, ஏழெட்டு உருண்டைகளைப் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டி, நிழலில் குளிர்ச்சியாக வைத்து அன்றே மருந்தகத்தில் கொடுங்கள். வெளுத்த ஆடு ஒன்று, நடுத்தரமானது இரண்டு, நன்றாக இருப்பது ஒன்று என்று கலந்து எடுத்தால் மந்தையின் நிலை தெரியும்.

புழுக்கையில் வெள்ளை அரிசி போல நாடாப்புழுத் துண்டு தெரிந்தால் எல்லோரும் பதறுவார்கள். பெரிய ஆட்டுக்கு அதனால் வரும் கேடு குறைவு. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இரத்தம் குடிப்பதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

கண்மாய் ஓரமாக மேயும் ஆடு மாடுகளுக்குத் தட்டைப்புழுவும் இருக்கும். நன்னீர் நத்தை வழியாக வருவது அது. உருளைப்புழுவுக்கான மருந்து தட்டைப்புழுவை முழுமையாகப் பிடிக்காது. அதனால்தான் பரிசோதனை முடிவைப் பார்த்து மருந்து வாங்க வேண்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அல்ல.

5. எடையைக் கணித்து மருந்தை அளங்கள்

மருந்து பாட்டில் மூடியில் ஒரு மூடி, எல்லா ஆட்டுக்கும் அதே மூடி என்பது நான் அதிகம் பார்த்த பிழை. குட்டிக்கு மிகுதி, கிடாய்க்குப் பற்றாக்குறை. பற்றாக்குறைதான் பெரிய ஆபத்து. பலவீனமான புழு சாகும், வலுவானது பிழைத்து முட்டையிடும்.

தராசு இல்லாவிட்டால் டேப் போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி இஞ்சில் அளங்கள். தோள்முனையிலிருந்து இடுப்பு எலும்பின் பின்முனை வரை நீளத்தையும் அளங்கள். மார்பளவை மார்பளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் உத்தேச எடை கிலோவில் வரும். மார்பு 26, நீளம் 24 என்றால் ஏறக்குறைய 24 கிலோ ஐநூறு கிராம். கொடி ஆடு கால் நீண்டு உயரமாக நிற்பதால் கண்ணால் பார்த்து எடை சொல்பவர்கள் கூட்டியே சொல்வார்கள். டேப்பை நம்புங்கள்.

அடுத்து பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தைப் படியுங்கள். அல்பெண்டசோல் மருந்து 2.5 சதவீதத்திலும் வரும், 10 சதவீதத்திலும் வரும். மருத்துவர் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் என்று எழுதிக்கொடுத்தால், 20 கிலோ ஆட்டுக்கு 150 மில்லிகிராம். 2.5 சதவீதப் பாட்டிலில் அது 6 மில்லி. 10 சதவீதப் பாட்டிலில் 1.5 மில்லி. பக்கத்து வீட்டார் சொன்ன "ஆறு மில்லி"யை வேறு பாட்டிலில் அளந்தால் நான்கு மடங்கு போய்விடும். வெள்ளாட்டின் உடம்பு சில மருந்துகளைச் செம்மறியை விட வேகமாக வெளியேற்றும் என்பதால் வெள்ளாட்டுக்கு அளவு கூடலாம். கையில் இருப்பது எந்த ஆடு என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சினை ஆட்டைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள். சினையின் தொடக்கத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கும் அபாயம் உண்டு.

வருடத்துக்கு வருடம் மருந்தை மாற்றுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் பாட்டிலின் பெயரைத்தான் மாற்றுகிறார்கள். அல்பெண்டசோலிலிருந்து பென்பெண்டசோலுக்குப் போவது மாற்றமே அல்ல, இரண்டும் ஒரே வகை. ஒன்றுக்குப் பழகிய புழு மற்றதுக்கும் அசையாது. உள்ளே இருக்கும் மருந்தின் வகை மாற வேண்டும்.

6. மருந்து கொடுக்கும் நாள்

முந்தைய இரவு தீவனத்தைக் குறைத்து, தண்ணீர் மட்டும் வையுங்கள். இரைப்பை நிரம்பாமல் இருந்தால் அல்பெண்டசோல் வகை மருந்து உள்ளே அதிக நேரம் தங்கி வேலை செய்யும். சினை ஆட்டையும் மெலிந்ததையும் பட்டினி போட வேண்டாம்.

ஒவ்வொரு ஆட்டுக்கும் அளக்கும் முன் பாட்டிலைக் குலுக்குங்கள். மருந்துத் தூள் அடியில் படியும். முதலில் ஒருமுறை குலுக்கிவிட்டு இருபது ஆட்டுக்கு ஊற்றினால் முதல் ஆடுகளுக்கு மேலே நிற்கும் தெளிவான தண்ணீரும் கடைசி ஆடுகளுக்கு அடிச்சரக்கும்தான் போகும்.

தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். முகவாய் முதுகு மட்டத்தில் இருக்கட்டும். கடைவாய் ஓரமாக சிரிஞ்சை நுழைத்து நாக்கின் பின்பகுதியில் மெதுவாக விடுங்கள், ஆடு விழுங்கும். அண்ணாந்த வாயில் வேகமாக ஊற்றினால் நுரையீரலுக்குப் போய் இரண்டாம் நாள் இருமல், மூன்றாம் நாள் காய்ச்சல். கொடுத்ததும் சாயம் தடவி நோட்டில் எழுதுங்கள்.

மருந்து கொடுத்த ஆட்டை லேபிளில் போட்டிருக்கும் நாள் கழியாமல் அறுப்புக்கு விற்கக் கூடாது. பக்ரீத்துக்கு முன் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் ஆடு கைமாறும் வேகம் தெரிந்ததுதான். விற்கப்போகும் கிடாய்களை இந்தச் சுற்றிலிருந்து முன்கூட்டியே பிரித்துவிடுங்கள்.

7. இடைப்பட்ட மூன்று வாரம்

மருந்து கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்து, அன்று மத்தியானமே அதே கண்மாய்க் கரையில் விட்டுவிடுகிறார்கள். நல்ல மருந்தும் இங்கேதான் வீணாகிறது.

புழுக்குஞ்சு ஈரத்தில்தான் நகரும். பனி நனைந்த புல்லில், தரையிலிருந்து நாலைந்து விரல் உயரத்துக்குள்தான் அதிகம் இருக்கும். அதனால் காலையில் பனி காய்ந்த பிறகே பட்டியைத் திறங்கள். கரம்பைத் தரையில் ஒட்ட மேய்வதைவிட, உடை மரத்திலும் சீமைக்கருவேலிலும் வெள்ளாடு எட்டிக் கடிப்பது நல்லது. முழங்காலுக்கு மேலே புழு ஏறி வருவதில்லை. மண்டபம் பக்கத்து வறண்ட மணல்காட்டில் மேயும் ஆட்டுக்கும், திருப்புல்லாணி, உச்சிப்புளி பக்கத்துக் கண்மாய்ப் புல்லில் மேயும் ஆட்டுக்கும் புழுவில் இருக்கும் வித்தியாசம் கண் இமையைப் பார்த்தாலே தெரியும்.

செம்மறி ஒட்ட மேயும் என்பதால் அதற்குக் கூடுதல் கவனம் வேண்டும். கிடை போடுகிறவர்கள் ஈரம் காயாத வயலில் ஒரே இடத்தில் பல நாள் நிறுத்தினால் ஏழெட்டு நாளில் முட்டை பொரித்துப் புழுக்குஞ்சு தயாராகிவிடும். அதற்குள் கிடையை மாற்றிவிடுங்கள்.

ஊருணிக் கரையில் இறங்கிக் குடிக்க விடாமல் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். கரைச் சேற்றில் நத்தை, நத்தையில் தட்டைப்புழு.

இந்த மூன்று வாரமும் புரதம் கூட்டிக் கொடுங்கள். அகத்தி, வேலிமசால், கடலைப் புண்ணாக்கு, எது கிடைக்கிறதோ அது. சீமைக்கருவேல் நெற்று இனிப்பும் தெம்பும் தரும், ஆனால் அதை மட்டுமே போட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது. உண்ணியும் பேனும் இருந்தால் அதையும் இப்போதே ஒழியுங்கள். அதுவும் இரத்தம் குடிக்கும் கூட்டம்தான்.

மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளுக்குள் மறுபடி புழுக்கை கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அளவு தப்பியிருக்கும், அல்லது புழு அந்த மருந்துக்குப் பழகியிருக்கும். மருத்துவரிடம் காட்டி வேறு வகைக்கு மாற்றுங்கள். இந்த மறு பரிசோதனையைச் செய்பவர்கள் மிகக் குறைவு. செய்யாதவர்களுக்கு, கொடுத்தது மருந்தா வெறும் வெள்ளைத் தண்ணீரா என்று கடைசி வரை தெரியாது.

பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கத்துச் சந்தையிலிருந்து புதிதாக ஆடு வாங்கினால் மூன்று வாரம் தனியாகக் கட்டி, வந்தவுடன் புழு மருந்து, பிறகு ஊசி, அதன்பிறகே மந்தையில் சேர்ப்பது.

8. ஊசி நாள்

காய்ச்சல், கழிச்சல், மூக்கொழுகல் இருக்கும் ஆட்டைத் தனியாகக் காட்டுங்கள். ஆட்டுக்கொல்லி ஊசி குட்டிக்கு மூன்று மாதம் கழிந்தபின் போடப்படும். அதற்கு முன் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருளே ஊசியைச் செயலிழக்க வைக்கும். நன்றாகப் பிடித்தால் அந்த ஊசி மூன்று வருடம் காக்கும். மூன்று வருடப் பாதுகாப்பை ஒரு புழு மருந்துக்கான சோம்பலில் இழக்க வேண்டாம்.

குளிர்ச்சியைப் பொறுத்தவரை நம் கடலோரத்துக்கு ஒரு வசதி, ஐஸ் எங்கும் கிடைக்கும். மீன் கட்டும் தெர்மோகோல் பெட்டியிலேயே மருந்து கொண்டுவருகிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் பெட்டியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக் கலந்த ஐஸின் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். துள்ளுமாரி ஊசி போன்ற திரவ மருந்துகள் உறைந்தால் கெட்டுவிடும். அவற்றுக்கு 2 முதல் 8 டிகிரி. ஆட்டுக்கொல்லி ஊசி தூளாக இருக்கும் வரை உறைவது கேடில்லை, கரைத்த பிறகு ஐஸிலேயே வைத்து விரைவாகப் போட்டு முடிக்க வேண்டும்.

உயிருள்ள கிருமி ஊசி போடும் சிரிஞ்சை டெட்டாலில் கழுவாதீர்கள், வெந்நீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். டெட்டாலின் மிச்சம் ஊசி மருந்தில் இருக்கும் கிருமியைக் கொன்றுவிடும்.

9. கோழிக்கு இதே வரிசை, நாள் மட்டும் வேறு

கொல்லைக் கோழிக்குப் புழு மருந்துக்கும் ராணிக்கெட் ஊசிக்கும் இடையே ஒன்றிரண்டு வாரம் போதும். இரண்டு மாதக் கோழிக்கு இறக்கையில் போடும் ஆர்.டி.வி.கே. என்ற ராணிக்கெட் ஊசி வீரியம் உள்ளது. புழுவால் மெலிந்த கோழிக்கு அதைப் போட்டால் கோழியே சோர்ந்து விழும். முகாம் பெரும்பாலும் தை, மாசியில் வரும், ஆகவே பொங்கல் கழிந்ததும் புழு மருந்தை முடித்துவிடுங்கள்.

புழு மருந்தைத் தண்ணீரில் கலக்கும்போது சாயங்காலம் கொடுக்காதீர்கள், கோழி குடிக்காது. காலையில் இரண்டு மணி நேரம் தாகத்தில் வைத்துப் பிறகு கொடுங்கள்.

குஞ்சுக்குச் சொட்டு மருந்தோ தண்ணீர் வழி தடுப்பு மருந்தோ கொடுக்கும்போது குழாய்த் தண்ணீரைக் கவனியுங்கள். காவிரிக் கூட்டுக் குடிநீரில் குளோரின் இருக்கும், அது தடுப்பு மருந்துக் கிருமியைக் கொல்லும். அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்துப் பிறகு மருந்தைக் கலக்குங்கள்.

தெம்பு கூடட்டும் என்று கருவாட்டுக் கழிவை அள்ளிப் போடுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். புரதம் உண்டுதான், உப்பும் உண்டு. கோழிக்கு உப்பு தாங்காது. அலசி, மிகக் குறைவாக.

10. நாளைக்கே முகாம் என்று அறிவித்துவிட்டால்

ஊசியைப் போட்டுவிடுங்கள். புழு மருந்து கொடுக்கவில்லை என்று திருப்பி அனுப்பாதீர்கள். அரைகுறைப் பாதுகாப்பும் எதுவும் இல்லாததைவிட மேல். பக்கத்து ஊரில் நோய் வந்துவிட்டால் இதில் சந்தேகமே வேண்டாம். நன்றாக இருப்பவற்றுக்கு முதலில் போடச் சொல்லி, கண் வெளுத்தவை எவை என்று மருத்துவரிடம் காட்டுங்கள். அவற்றைக் குறித்து வைத்து, புழு மருந்து கொடுத்துத் தேற்றி, மறுபடி ஊசி தேவையா என்று கேளுங்கள்.

ஊசி போட்ட பிறகும் ஆடு செத்தால் புதைக்கும் முன் மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். அறுத்துப் பார்த்தால் நான்காம் வயிற்றில் புழு கூட்டமாக இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். எது நோயால், எது புழுவால் என்று அப்போதுதான் பிரியும். அடைப்பான் சந்தேகம் என்றால், அதாவது திடீர்ச் சாவும் மூக்கு, ஆசனவாயில் உறையாத கருத்த இரத்தமும் இருந்தால், யாரும் அறுக்கக் கூடாது, தொடவும் கூடாது.

11. குழந்தைகளின் ஊசிக்கு இந்தக் கணக்கு கிடையாது

இதைச் சொல்லாமல் முடிக்க முடியாது, ஏனென்றால் ஆட்டுக்குச் சொன்னதைப் பிள்ளைக்கும் பொருத்திப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். "பிள்ளைக்கு வயித்துல பூச்சி இருக்கு, ஊசியை அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

மனிதர்களிலும் இந்தத் தொடர்பை ஆராய்ந்திருக்கிறார்கள். ஈக்வடாரில் உருளைப்புழு இருந்த குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் கொடுத்த பிறகு வாய்வழிக் காலரா தடுப்பு மருந்து கொடுத்தபோது பலன் கூடியது. உகாண்டாவின் எண்டெபியில் கர்ப்பிணிகளுக்குப் புழு மருந்து கொடுத்துப் பார்த்தபோது, பிறந்த குழந்தைகளின் பி.சி.ஜி. போன்ற ஊசிகளின் பலனில் மாற்றம் தெரியவில்லை. முடிவு ஊசிக்கு ஊசி மாறுகிறது. தட்டம்மையும் கக்குவானும் அதற்காகக் காத்திருக்காது.

பிள்ளையின் ஊசி அட்டையில் இருக்கும் தேதிக்கே ஊசி. பூச்சி மாத்திரைக்குத் தனி நாள் இருக்கிறது: பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுப்பார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 200 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரையை நசுக்கித் தண்ணீரில் கரைத்து. இரண்டிலிருந்து 19 வயது வரை 400 மில்லிகிராம், மென்று சாப்பிட வேண்டும். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தாலோ, வேறு ஏதாவது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ கொடுப்பவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், விடுபட்டவர்களுக்கு மறுவாரம் ஒரு நாள் உண்டு. ஆட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து பிள்ளைக்கு ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள்.